பத்து மீட்டர் உயரம், மணிக்கு 50 கிலோமீட்டர்

ஆந்திராவின் வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் 2008இல் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் தொடங்கியதிலிருந்து, அந்தப் பக்கம் உயரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்குக் குறைவில்லை. சாரம் கட்டுவது, கூரைத் தகடு பதிப்பது எல்லாமே விழுந்தால் தாங்காத வேலை.

10 மீட்டர் உயரக் கூரையில் நிற்கும் 70 கிலோ ஆளிடம் ஏறக்குறைய 6,860 ஜூல் நிலையாற்றல் இருக்கிறது. ஏணியில் ஏறும்போது அவருடைய தசைகளே சேர்த்தது அது. கால் தவறினால், பாதி வழியில் 3,430 ஜூல் இயக்க ஆற்றலாகிவிடும். மிச்சம் 3,430 நிலையாற்றலாகவே இருக்கும். கூட்டினால் அதே 6,860. தரையைத் தொடும்போது எல்லாமே வேகமாகியிருக்கும்: மணிக்கு 50 கிலோமீட்டர். இவ்வளவு குறைந்த உயரத்தில் காற்று பெரிதாகத் தடுக்காது. எடையும் இந்த வேகத்தை மாற்றாது. மேலிருந்து நழுவும் ஸ்பேனரும் இதே வேகத்தில்தான் கீழே நிற்கும் சித்தாளின் தலைக்கு வரும்.

இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். எலும்புக்குள் போவதா, வேறெங்காவது போவதா என்பதைப் பாதுகாப்பு ஏற்பாடு தீர்மானிக்கிறது. 2 மீட்டர் விழுந்த அதே ஆள் 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால், உடல்மேல் சராசரியாக 2,800 கிலோவுக்கு மேல் விசை இறங்கும். பெல்ட் கயிற்றில் இருக்கும் ஷாக் அப்சார்பரின் தையல் கிழிந்து நீண்டு, 1 மீட்டரில் மெல்ல நிறுத்தினால் அது 210 கிலோதான். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை நம்பி ஏறாதீர்கள். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுங்கள். காலடியில் மாட்டினால், 1.8 மீட்டர் கயிறு இறுகுவதற்குள் 3 மீட்டருக்கு மேல் விழுந்திருப்பீர்கள்.

பெல்ட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் கூலியில் பிடிப்பது சட்டவிரோதம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

விபத்து நடந்துவிட்டால் குடும்பத்தார் முதலில் கேட்பது, “பெல்ட் போடாதது அவன் தப்பு” என்ற பேச்சைத்தான். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்தக் காரணம் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லி நிறுவனமும் விலக முடியாது.

மரண இழப்பீட்டுக்கு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. மாதம் 12,000 ரூபாய் வாங்கியவர் என்றால் 12,47,880 ரூபாய். இஎஸ்ஐயில் பதிவானவர் என்றால் இந்த வழி கிடையாது. சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு சார்ந்தோர் உதவித்தொகையாக வரும்.

மேஸ்திரி நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மரண இழப்பீட்டை முதலாளி அரசின் இழப்பீட்டு அதிகாரியிடம் செலுத்துவதே முறை. வீட்டில் வந்து கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. மனு கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து ஆந்திராவில் நடந்திருந்தாலும், குடும்பம் திருவள்ளூர் மாவட்டத்தில் வசித்தால் அங்கேயே மனு கொடுக்கலாம்.