அரூரில் பெய்த 33 சென்டிமீட்டர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தர்மபுரிக்காரர்களுக்கு அது கடலோரத்துச் செய்தி. கடலுக்கும் இந்த மாவட்டத்து அரூருக்கும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆனால் டிசம்பர் 2 காலையில் மழைமானியைப் பார்த்தபோது அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. பதிவாகியிருந்தது. பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அங்கே தண்ணீரில் உருண்டு போயின.

ஓர் ஆண்டில் பெய்யவேண்டிய மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரூரில் ஒரே நாளில் கொட்டியது. குடத்தோடு அலைந்தே பழகிய மாவட்டம் இது. வெள்ளம் நம் ஊருக்கு வராது என்ற நினைப்புதான் இங்கே பெரிய ஆபத்து.

மருந்துப் பை

வீட்டைவிட்டு அவசரமாகக் கிளம்பும்போது நகையும் பத்திரமும் நினைவுக்கு வரும், மாத்திரை வராது. முகாமுக்குப் போன மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழும் பெரியவர், மழையிலிருந்து தப்பியும் பலனில்லாமல் போகிறார். ஆகவே இரண்டு வாரத்துக்கான மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு மஞ்சப்பையில் போட்டு, கைக்கெட்டும் ஆணியில் மாட்டிவையுங்கள். மழைக்காலம் முடியும்வரை அந்தப் பை அங்கேயே தொங்கட்டும். மாதம் ஒருமுறை பழைய மாத்திரைகளை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மருந்து வாங்குபவர்கள், மழைக்கு முன்பே கூடுதலாகத் தர முடியுமா என்று தன்னார்வலரிடம் கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு மின்தடைதான் சிக்கல். சிறு மண்பானையில் ஈர மணல் நிரப்பி, உறையில் சுற்றிய குப்பியை அதற்குள் வைத்து, நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டி மேல் வைக்கவேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது.

குடிநீர்

தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. பல்லில் கறையும் மூட்டில் வலியுமாகப் பல தலைமுறை பட்ட பாட்டால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. வெள்ளத்தால் குழாய்த் தண்ணீர் நின்றால் மக்கள் பழைய கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் திரும்புவார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. ஆனால் ஃபுளூரைடு ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். சாக்கடை கலந்த நீர் மறுநாளே வாந்திபேதியைக் கொண்டுவரும். எனவே அந்தச் சில நாளுக்கு நன்றாகக் கொதித்து ஆறிய நீரே போதும். ஊர்க் கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் குளோரின் போடச் சொல்லி ஊராட்சியை விடாமல் கேட்கவேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

சேற்றை வாரும் நாட்களில் எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுக்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தெரியும். சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் உயிரைக் காக்கும்.

பாம்பும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். கடித்தால் கயிறு கட்டவேண்டாம், கீறவேண்டாம், பச்சிலைக்கு ஓடவேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்குள் திரும்பியதும் நனைந்த சுவிட்சைத் தொடாதீர்கள்.

மலை ஊர்கள்

தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப்போன கோட்டூர் மலை நம் பென்னாகரம் வட்டத்தில்தான் இருக்கிறது. சித்தேரி போன்ற மலைகளில் ஒரு மண்சரிவு பாதையை அடைத்தால் பிரசவ வலி வந்தவர் நிலை என்ன? மழை எச்சரிக்கை வந்ததுமே நிறைமாதக் கர்ப்பிணிகளைக் கீழே அழைத்துவந்துவிட வேண்டும். பிரசவத் தேதிக்கு முன்பே தங்குவதற்கான வசதி பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

உதவி பெற

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இடிந்த சுவரை, மூழ்கிய பயிரை, செத்த மாட்டை அகற்றும் முன் படமெடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சேதத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஃபெஞ்சலின்போது அரசு அறிவித்தது குடிசைச் சேதத்துக்கு 10,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. கணக்கெடுப்பில் பெயர் இல்லாதவருக்கு இந்தப் பணம் வராது.

பெயர் விடுபட்டால் தலைவிதி என்று இருந்துவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த உரிமை தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

தூக்கமின்மை, மழைச் சத்தம் கேட்டாலே நடுக்கம், காரணமில்லாத அழுகை இவையும் வெள்ளம் விட்டுச்செல்லும் நோய்தான். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அக்டோபர் பிறக்குமுன் உங்கள் தெருவில் தானாக நடந்து வெளியேற முடியாதவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். படுக்கையில் இருப்பவர், தனியாக வாழும் பாட்டி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், கர்ப்பிணி. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவரை அழைத்துப்போகப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும் எழுதிச் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள்.