உப்பு ஏன் சாம்பலாச்சு?



கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர்; பக்கத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். ஆசையாகப் படம் எடுத்தால், பல நேரம் உப்பு மங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில் தெரியும். ஏன்?

எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் வழக்கம். எங்கும் வெண்மையாக இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். எடுப்பவர்தான் வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். எதிரே இருப்பது உப்பு என்பது கேமராவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் புகைப்படத் தொழில் அழியாததற்கு இதுதான் காரணம்!

1975-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல்! ஒரு படம் பதிவாக 23 விநாடி ஆனது. அதன்பிறகும் நெடுங்காலம் பிலிம்தான். ஒரு சுருளுக்கு 36 படங்கள். என் வகுப்பின் குழுப்படத்தில் ஒரு மாணவன் கண்ணை மூடியிருந்தது, பிரிண்ட் வந்த பிறகுதான் தெரிந்தது. பாவம், அழுதேவிட்டான்! இன்று உடனே பார்த்து, மறுபடி எடுக்கலாம். ஆனால், எளிதாகிவிட்டதால் போட்டியும் பெருகிவிட்டது. அப்படியானால் ஜெயிப்பது எப்படி?

மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த மு.பழனிகுமாரைக் கேளுங்கள். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். 2013-ல் அம்மா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில்தான் முதல் கேமரா வந்தது. அவர் நட்சத்திரங்களைத் தேடிப் போகவில்லை. துப்புரவுப் பணியாளர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் என உழைப்பவர்களையே படம் பிடித்தார். 'பாரி' இணைய இதழில் அவை வெளிவந்தன. 2022-ல் 'தயாநிதா சிங் - பாரி' ஆவணப் புகைப்பட விருது, முதல் ஆண்டே அவருக்குக் கிடைத்தது. தனக்கு நன்கு தெரிந்த வாழ்க்கையை எடுத்ததுதான் அவர் பலம்.

உங்கள் ஊரிலும் விஷயம் இருக்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்போது அந்தக் குடும்பங்கள் என்ன செய்கின்றன? அதையும் படங்கள் சொல்லலாமே!

இப்போதே பழகுங்கள்:

* ஒரே இடத்தைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எடுத்துப் பாருங்கள்.
* "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.
* ஊர், தேதி, செய்யும் வேலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.
* உப்புக்காற்று கேமராவுக்கு எதிரி. வீடு வந்ததும் மென்மையான துணியால் துடையுங்கள்.

பிளஸ் 2-வுக்குப் பிறகு விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கலாம்; ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்தும் கற்கலாம். ஆரம்பத்தில் கல்யாணம், காதுகுத்து விழாக்கள் சோறு போடும். கணினியில் படத்தைச் சரிசெய்யவும், வரவு செலவுக் கணக்கு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, கணக்குப் பாடத்தை விட்டுவிடாதீர்கள்!

உப்பு வாருபவரைப் படம் எடுத்தால், அதை முதலில் அவருக்குக் காட்டுங்கள். அவர் முகம் மலர்ந்தால் அதுதான் உங்கள் முதல் பரிசு!