போட்டோவில் கண் சிவப்பா தெரியுதா? எடிட் பண்றதுக்கு முன்னாடி இதை கவனிங்க!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தை அடுத்து இருக்கிறது தாமல். இந்தப் பக்கத்து கல்யாண வரவேற்பில் பட்டும் ஜரிகையும் இல்லாமல் இருக்குமா? லைட் கம்மியா இருக்குன்னு ஃபிளாஷ் போட்டு ஒரு கிளிக். புடவை ஜரிகை ஜொலிக்கும். ஆனா, அதைக் கட்டியிருப்பவரின் கண்ணும் சேர்ந்து ரத்தச் சிவப்பா தெரியும்!

இதுக்குப் பெயர்தான் 'ரெட் ஐ'. இது ஏன் வருது? எப்படி சரி செய்வது? எந்த நேரத்தில் இதை அழிக்கவே கூடாது? பார்க்கலாம்.

கண் ஏன் சிவக்குது?

இருட்டில் நம் கண் பாப்பா நன்றாக விரிந்திருக்கும். திடீரென அடிக்கும் ஃபிளாஷுக்கு அது சுருங்குவதற்குள் வெளிச்சம் உள்ளே போய்விடும். கண்ணின் பின்பக்கம் ரத்த நாளங்கள் நிறைந்த பகுதி. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சிவப்பாக வெளியே வரும். ஃபிளாஷும் லென்ஸும் பக்கத்திலேயே இருந்தால், அந்தச் சிவப்பு நேராக கேமராவுக்குள் வந்துவிடும்.

நாய், பூனைக்கு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. அதனால்தான் அவற்றின் கண் பச்சை, மஞ்சளாக மின்னுது.

எடிட்டிங்கில் சரி செய்வது எப்படி?

* முதலில் ஒரிஜினல் போட்டோவை அப்படியே வைத்துக்கொண்டு, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்க.
* போட்டோஷாப், லைட்ரூம் ஆகியவற்றில் 'ரெட் ஐ' டூல் இருக்கிறது. கண் பாப்பா மேல் வைத்து, அதன் அளவையும் கருமையையும் சரி செய்தால் போதும். லைட்ரூமில் செல்லப்பிராணிகளுக்கு 'பெட் ஐ' என தனி வசதி உண்டு.
* மொபைலில் ஸ்னாப்சீட் போன்ற ஆப் இருந்தால், கண்ணை ஜூம் செய்து, பிரஷ்ஷில் சாச்சுரேஷனைக் குறைத்து பாப்பா மேல் மட்டும் தடவுங்க. சிவப்பு போய்விடும்.
* கண்ணுக்குள் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியை அழிக்காதீங்க. அது போனால் கண் உயிரில்லாமல் தெரியும்.

மூக்குக்கண்ணாடியில் விழும் பளீர் வெளிச்சம் வேறு கதை. அதற்கு அடியில் கண்ணே பதிவாகியிருக்காது. தாடையை லேசா இறக்கச் சொல்லி இன்னொரு போட்டோ எடுப்பதே நல்லது.

அறை லைட்டைப் போட்டு, ஃபிளாஷை ஆஃப் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெள்ளையா தெரிந்தால் உஷார்!

இதுதான் முக்கியம். குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும், இன்னொன்று மட்டும் வெள்ளை அல்லது மஞ்சளாகவும் தெரிந்தால், அதை எடிட் செய்து மறைக்க வேண்டாம். ரெட்டினோபிளாஸ்டோமா எனும் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோய் இது. அபூர்வம்தான். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல நேரங்களில் பார்வையையும் காப்பாற்றலாம்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு 4 மாதத்தில் இந்த நோய் உறுதியானது. பிறகு வீட்டுப் போட்டோக்களைத் தேடியபோது, பிறந்த 12-ஆம் நாள் எடுத்த படத்திலேயே அந்த வெள்ளை இருந்தது! அதன் பிறகுதான் போட்டோக்களில் இதைத் தேடும் 'கிரேடில்' என்ற ஆப்பை அவரது குழு உருவாக்கியது. அந்தக் குழுவின் 2019 ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே எடுத்த படங்களில் இந்த வெள்ளையை ஆப் கண்டுபிடித்தது.

பயப்படணுமா?

வேண்டாம். குழந்தை கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தாலும் ஒரு கண் வெள்ளையாகத் தெரியலாம். கண்புரை, மாறுகண் போன்றவையும் காரணமாக இருக்கலாம். எது என்பதை போட்டோ சொல்லாது, டாக்டர்தான் சொல்ல முடியும். அதேபோல, போட்டோவில் எல்லாம் சரியாகத் தெரிவதாலேயே கண்ணில் பிரச்சினை இல்லை என்றும் முடிவு செய்ய முடியாது.

வெள்ளை தெரிந்தால் ஆப் முடிவுக்காக காத்திருக்காமல், எடிட் செய்யாத போட்டோவோடு உடனே கண் மருத்துவரிடம் போங்க. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவை இருக்கின்றன.

சிவப்பா தெரிந்தால் தாராளமா அழிங்க. வெள்ளையா தெரிந்தால் அந்தப் போட்டோவை பத்திரமா வைங்க!