பிரேக் விளக்கும் எல்.இ.டி. பல்பும்

வாகனம் ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்து காண முடியாத விளக்கு ஒன்று அவருடைய வண்டியிலேயே உண்டு. அதுதான் பிரேக் விளக்கு. "நான் வேகத்தைக் குறைக்கிறேன், எச்சரிக்கையாக வாருங்கள்" என்று பின்னால் வருபவருக்குச் சொல்வதே அதன் பணி. அது எரியாவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆனால் விபத்து நேர்ந்தால் இருவருக்குமே ஆபத்து. ஆகவே அவ்விளக்கில் செய்யும் சிறு மாற்றத்தையும் விவரம் அறிந்து செய்தல் வேண்டும்.

இக்காலத்தில் பலர் பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் பொருத்துகின்றனர். இதில் நன்மை இல்லாமல் இல்லை. இழை சூடேறி முழு ஒளி தருவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கும். எனவே பின்னால் வருபவருக்கு 5 மீட்டர் தூரம் மிச்சமாகிறது!

ஆனால் மாற்றிய பின் சில வண்டிகளில் புதுப்புதுத் தொல்லைகள் தோன்றுகின்றனவே, ஏன்? இரண்டு வேறுபாடுகளை நினைவில் வைத்தால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். முதலாவது, 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும், எல்.இ.டி.க்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். இரண்டாவது, இழையில் மின்சாரம் எந்தத் திசையிலும் பாயும், எல்.இ.டி.யில் ஒரே திசையில்தான் பாயும். இனி, தொல்லைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. விளக்கு எரியவே இல்லை: முதலில் பழைய பல்பையே மீண்டும் பொருத்திப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் குறை ஃபியூஸிலோ, வயரிலோ, பிரேக் பெடலில் உள்ள சுவிட்சிலோ இருக்கலாம். பழையது எரிந்தால் குறை புதிய பல்பில் அல்லது அது பொருந்தும் விதத்தில் உள்ளது. சொருகும் வகைப் பல்பானால் வெளியே எடுத்து, திருப்பிச் சொருகினால் எரியக்கூடும். மின்சாரம் பாயும் திசை மாறியிருந்ததே காரணம். ஹோல்டரில் துரு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

2. பெடலை மிதிக்காதபோதும் மங்கலாக எரிகிறது: பல வண்டிகளில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என்று ஒரே பல்பில் இரண்டு இழைகள் உண்டு. இரண்டுக்கும் எர்த் இணைப்பு ஒன்றே. அது துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிச் செல்ல வேறு வழி தேடி, தொடர்பில்லாத விளக்குக்குள்ளும் புகுந்துவிடும். அந்தச் சிறு மின்னோட்டத்தில் இழை ஒளிராது, எல்.இ.டி. ஒளிர்ந்துவிடும். ஆகவே எர்த் இணைப்பைச் சுத்தம் செய்வதே முதல் சிகிச்சை.

3. 'பல்பு பழுது' என்று எச்சரிக்கை தோன்றுகிறது: சில கார்களில் உள்ள கணினி, விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளந்து பார்க்கிறது. அது குறைந்தால் பல்பு போய்விட்டதென்று முடிவு செய்கிறது. சில கார்கள் சோதனைக்காக அவ்வப்போது சிறு மின்துடிப்புகளை அனுப்பும், அதனால் எல்.இ.டி. கண் சிமிட்டுவதும் உண்டு. இதற்காக 6 ஓம் மின்தடையைப் பல்புக்குப் பக்க இணைப்பாகச் சேர்ப்பார்கள். அதில் 2 ஆம்பியர் பாய்ந்து 24 வாட் வெப்பம் உண்டாகும். இஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் உயர்வதால் வெப்பம் இன்னும் மிகும். எனவே அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உலோகத் தகட்டில் பொருத்த வேண்டும். இதனால் மின்சாரச் சிக்கனம் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். அக்காருக்கென்றே செய்த எல்.இ.டி. பல்பு கிடைத்தால் அதுவே நன்று.

4. க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை: கார் ஒரே வேகத்தில் தானே செல்ல உதவும் அமைப்பு இது. சில பழைய கார்களில் இது பிரேக் பல்பின் இழை வழியாகவே எர்த் பெறுகிறது. இழை இருந்த இடத்தில் எல்.இ.டி. வந்ததும் அவ்வழி அடைபடுகிறது. அமைப்பும் இயங்க மறுக்கிறது.

5. பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடுவோம். தரம் குறைந்த பல்புகளில் இரண்டு ஒளியும் ஒன்றுபோலவே இருக்கும். இரவில் பின்னால் வருபவர் என்ன அறிவார்? வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்புக் கதிர் குறைவு; ஆதலால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே சிவப்பு எல்.இ.டி.யையே பொருத்த வேண்டும். அப்படியும் வித்தியாசம் தெரியாவிட்டால் பழைய பல்பையே மாட்டிவிடுவது நலம்.

வயர் வேலையை மெக்கானிக்கிடம் விடுவோம். அந்த விளக்குக்கு எல்.இ.டி. பல்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்றும் கேட்டறிய வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்க நாமே உதவலாம், தோழியரே! இஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இட்டு, தந்தையார் பெடலை மிதிக்கட்டும். நாம் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்ப்போம். பின்விளக்கை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை பார்க்க வேண்டும். மிதித்ததும் பளிச்சென்று எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும்.

பழைய பல்பு ஒளி மட்டும் தரவில்லை; ஓசையின்றி வேறு சில பணிகளையும் செய்துவந்தது. எதையும் மாற்றுமுன் அது செய்துவந்த பணிகள் அனைத்தையும் அறிந்து மாற்றுவதே அறிவுடைமை. நமக்குத் தெரியாமல் நம் பின்னே எரியும் அந்தச் சிறு சிவப்பு விளக்கு, பிறர் உயிரையும் நம் உயிரையும் காக்கும் விளக்கு என்பதை மறவாதிருப்போம்.