ஒரு சக்கரம் சுழல, மறு சக்கரம் நிற்பதேன்?

தொடர் விடுமுறை வந்தால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் சிலர் ஓசூர் வழியே சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். சிலர் குடகுக்கோ சிக்கமகளூருக்கோ மலையேறுவார்கள். மடிக்கேரியை அடுத்த மாந்தல்பட்டி மேட்டுக்கு ஜீப்புகள்தான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. மழைக்காலத்தில் இத்தகைய மலைப் பாதைகளில் ஒரு விந்தையைக் காணலாம். பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரியிறைத்துச் சுழலும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது அசையாது நிற்கும். வண்டியில் பழுது எதுவும் இல்லை. அதன் இயல்பே அதுதான்.

மாட்டுவண்டியும் மோட்டார் வண்டியும்

மாட்டுவண்டியில் அச்சு சுற்றுவதில்லை. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுற்றுகின்றன. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டும். தனித்தனியே சுற்றுவதால் அங்கே தொல்லையில்லை. மோட்டார் வண்டியிலோ எஞ்சின்தான் சக்கரங்களைச் சுற்றவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பிணைத்துவிட்டால், வளைவில் டயர் தேயும். வண்டி திரும்ப மறுக்கும். இதற்குத் தீர்வாக அமைந்ததே டிஃபரன்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் ஒனேசிஃபோர் பெக்கூர் 1820-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். பின் அச்சின் நடுவே குடம் போல் பருத்திருக்கிறதே, அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன.

சமநீதி தந்த சங்கடம்

சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். கெட்டித் தரையில் உள்ள சக்கரம் 100 பங்கு விசையைத் தாங்கும், சேற்றில் உள்ளது 10 பங்கே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சேற்றுச் சக்கரம் 10-க்கு மேல் வாங்காமல் வழுக்கிச் சுழலும். சமபங்கு விதிப்படி மற்றதற்கும் 10 தான். மொத்தம் 20. எவ்வளவு ஆக்சிலேட்டரை மிதித்தாலும் பயனில்லை; பள்ளம்தான் ஆழமாகும்.

"நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உண்டே!" என்பீர்கள். மேடுபள்ளத்தில் முன்சக்கரம் ஒன்றும், அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரம் ஒன்றும் தரையைவிட்டு எழும்பினால், அந்த இரண்டு மட்டுமே சுழலும். 4 × 4 வண்டியும் அங்கே நின்றுவிடும்.

வழுக்கலுக்கு ஒரு வரம்பு

இந்த வழுக்கலுக்கு வரம்பு கட்டுவதே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். இதில் ஒரு வகையில், உள்ளே மெல்லிய உராய்வுத் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஒரு சக்கரம் வேகமெடுக்கும்போது தட்டுகள் இறுகி அதைப் பிடித்துவைக்கும். மிச்ச விசை மறுபக்கம் போகும்.

பல்சக்கர வகையில் தட்டுகள் கிடையாது. பற்களின் உராய்வே குறைந்த பக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையை மறுபக்கம் சேர்க்கும். மேற்சொன்ன கணக்கில் மும்மடங்கு என்றால் 10-ம் 30-ம் ஆக 40. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தின் மும்மடங்கும் பூஜ்யமே. அப்போது பிரேக்கை லேசாக அழுத்தினால், சுழலும் சக்கரத்துக்குச் சிறிது தடை கிடைத்து, மறுபக்கத்துக்கு விசை பெருகும்.

மூன்றாவது வகை, ஏ.பி.எஸ். பிரேக்கைக்கொண்டே சுழலும் சக்கரத்தைப் பிடிப்பது. 2023-ல் வந்த மாருதி ஜிம்னியில் உள்ளது இதுதான். நெடுநேரம் பயன்படுத்தினால் பிரேக் சூடேறும்.

டிஃபரன்ஷியல் லாக் என்பது வேறு. அது இரு சக்கரங்களையும் முழுதாகப் பிணைத்துவிடும். ஃபோர்ஸ் குர்க்காவில் முன், பின் இரண்டையும் ஓட்டுநரே பூட்டலாம். பெங்களூருக்கு அருகே பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸிலும் பின் அச்சுக்கு இவ்வசதி உண்டு. 2020 அக்டோபரில் வந்த மகிந்திரா தாரின் சில வகைகளில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் தானியங்கிப் பூட்டு. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும். வண்டி சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் பூட்டாது.

கவனிக்க வேண்டியவை

• தட்டு வகைக்கு உரிய ஆயிலையே ஊற்றவேண்டும். தவறான ஆயில் ஊற்றினால் திருப்பத்தில் கடகடவென்று ஒலிக்கும், தட்டுகளும் தேயும்.

• ஒரே அச்சில் ஒரு புது டயர், ஒரு தேய்ந்த டயர் கூடாது. அளவு வேறுபட்டால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உரசும்.

• ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து, கியரில் எஞ்சினை ஓட்டவே கூடாது. தரையில் உள்ள சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். இது உயிருக்கே ஆபத்து.

• லாக் போட்டபடி தார்ச்சாலையில் திரும்பாதீர்கள்.

புது வண்டி வாங்கப்போகும் அன்பர்கள் 4 × 4 என்ற எழுத்தைப் பார்த்ததோடு நின்றுவிட வேண்டாம். "பின் அச்சில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியலா, லிமிடெட் ஸ்லிப்பா, லாக்கா?" என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். நகரச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் சாதாரணமே போதும். அதற்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை. தோட்டம், காடு, மலை என்று போகிறவர்களுக்கோ அந்தச் செலவு வீணாகாது.