திக்கினால் திருடனா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், ஷிப்ட் மாறும் நேரத்தில் குருபரப்பள்ளியைத் தாண்டினால் சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். இப்படித் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்களில் கேட்டில் பை சோதனை வழக்கம். ஸ்டோர் கணக்கில் நாலு கிலோ செம்புக் கம்பி குறைந்துவிட்டால் அன்றைக்கு வரிசை நகராது. ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவனைத் தனியே நிறுத்தி, உள்ளூர்க்காரரான செக்யூரிட்டி தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்பார். பையன் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொல்வான். இருவருக்குமே அது தாய்மொழி இல்லை. அவன் கண்ணைத் தாழ்த்துகிறான், எச்சில் விழுங்குகிறான், பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறான். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சார்” என்று சூப்பர்வைசருக்குச் சேதி போய்விடும்.

மூஞ்சியைப் பார்த்தால் என்னதான் தெரிகிறது? அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 206 ஆய்வறிக்கைகள், 24,483 பேர் சொன்ன தீர்ப்புகள். கையில் வேறு ஆதாரம் எதுவும் இல்லாமல், ஒருவர் பேசுவதைப் பார்த்தும் கேட்டும் மட்டுமே பொய்யா மெய்யா என்று சொல்லச் சொன்னால், சரியாகச் சொன்னது 100க்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். அதிலும் உண்மையை உண்மை என்று கண்டுகொண்டது 61 சதவீதம். பொய்யைப் பொய் என்று பிடித்தது 47 சதவீதம்தான். விசாரணையே தொழிலாக இருப்பவர்களும் மற்றவர்களைவிட மேலாகச் செய்துவிடவில்லை. வருடங்கள் கூடக்கூட அவர்களுக்குத் தங்கள் கணிப்பின் மேல் நம்பிக்கை கூடியது, கணிப்பு கூர்மையாகவில்லை.

“என் கண்ணைப் பாத்துச் சொல்லு” என்று அதட்டாத அம்மா உலகத்திலேயே இருக்க மாட்டார் போலிருக்கிறது. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்ட ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சொன்ன பதில், கண்ணைப் பார்க்க மாட்டார் என்பதுதான். ஆனால் டிபாலோவின் குழு 2003இல் 158 அறிகுறிகளை எடுத்து அலசியபோது, பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பே தேறவில்லை. கை கால் அசைவுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஓரளவு தேறியவை பேச்சின் உள்ளடக்கத்தில் இருந்தன. பொய்யில் விவரம் குறைவு. முன்னுக்குப் பின் ஒட்டாது. இன்னொன்று வேடிக்கையானது. “இல்ல, செவ்வாய் இல்ல, புதன்கிழமை” என்று தன்னைத் தானே திருத்திக்கொள்வதும், “அது சரியா ஞாபகம் இல்லீங்க” என்று ஒத்துக்கொள்வதும் உண்மை பேசுபவர்களிடம்தான் சற்று அதிகம். நம் விசாரணைகளில் இவை இரண்டுக்கும்தான் முதல் அடி விழுகிறது.

பொய்க்கென்று உடம்பில் தனி அடையாளம் கிடையாது. பயத்துக்கு உண்டு, வெட்கத்துக்கு உண்டு, மண்டையைக் குடைந்து யோசிப்பதற்கு உண்டு. மாட்டிக்கொள்வோமோ என்று திருடன் பயப்படுகிறான். நம்ப மாட்டார்களோ என்று நிரபராதி பயப்படுகிறான். வியர்வை ஒன்றேதான். பெரியவர் முன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குக் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை.

இதில் மொழியும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். கனடாவில் டா சில்வா, லீச் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியில் பேசியவர்களை நம்பும் பக்கமே பார்வையாளர்கள் சாய்ந்தார்கள். இரண்டாம் மொழியில் பேசியவர்களைச் சந்தேகிக்கும் பக்கம் சாய்ந்தார்கள். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறனும் அங்கே குறைந்தது. சொல்லைத் தேடும் தடுமாற்றம், பொய்யைத் தேடும் தடுமாற்றமாகத் தெரிந்துவிடுகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் எல்லைப் பகுதி இது. இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கின்றன. ‘திக்கினால் திருடன்’ என்ற சூத்திரம் இங்கே ஊர்க்காரரைவிட வெளியூர்க்காரரைத்தான் பிடித்துக் கொடுக்கும்.

சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று முதலில் தயங்குகிறார்கள். அவர்களை மாற்றியது பொற்கொல்லனின் தடையில்லாத பேச்சு. மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்களின் எட்டு உபாயங்களை அவன் பாடம் போல ஒப்பிக்கிறான். உண்மையான திருடன் அவன்தான். கண்ணகி அரசவைக்கு வந்து முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் பாண்டியன். பிறகு உடைத்துப் பார்க்கிறார்கள். இன்றைய விசாரணை உளவியல் பாராட்டும் முறை ஏறக்குறைய இதுதான். கதையில் அது தாமதமாக வந்தது.

அர்த்தசாஸ்திரத்திலும் இந்த இரண்டு பாதைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நஞ்சிட்டவனைக் கண்டுபிடிக்க வாய் உலர்தல், பேச்சுத் தடுமாறல், வியர்த்தல், கொட்டாவி, நடுக்கம் என்று ஒரு பட்டியல். வேறோரிடத்தில், சந்தேக நபரிடம் முந்தைய நாள் என்ன செய்தான், இரவு எங்கே தங்கினான் என்று கேட்டு, பிறர் வாக்கோடு ஒத்துப்பார் என்ற அறிவுரை. ஒத்துவராவிட்டால் அடுத்தது வதை என்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பட்டியலுக்குப் பதில் கருவி வந்த கதையைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். குருபரப்பள்ளியைத் தாண்டும் அதே சாலை சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பெங்களூருக்குள் ‘ஓசூர் ரோடு’ என்ற பெயரில் நுழைகிறது. அந்த ரோட்டில் மடிவாளாவில் கர்நாடக அரசின் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. 2000களில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ‘நார்கோ’ சோதனைக்கு ஆட்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். முத்திரைத்தாள் மோசடி வழக்கின் தெல்கியும் அவர்களில் ஒருவர். தயோபென்டால் என்ற மயக்க மருந்தை நரம்பில் மெல்ல ஏற்றி, அரைத் தூக்கத்தில் கேள்வி கேட்பதுதான் முறை. மருந்து நாக்கைத் தளர்த்தும். உண்மையை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளாது. நினைவும் கற்பனையும், கேட்பவர் வாயில் ஊட்டியதும் கலந்து வரும்.

அதே ரோட்டில் இன்னும் உள்ளே போனால் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம். அங்கே மருத்துவ உளவியல் துறையில் இருந்த சி.ஆர். முகுந்தன், மூளை மின் அலைகளை வைத்து ஒருவருக்குக் குற்ற அனுபவம் உண்டா என்று அறியும் ஒரு முறையை உருவாக்கினார். தலையில் மின்முனைகள் பதித்த தொப்பி. குற்றம் தொடர்பான வாக்கியங்களை ஒலிக்கவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் வாயே திறக்க வேண்டாம். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு நஞ்சூட்டல் கொலை வழக்கில் இந்தச் சோதனை முடிவையும் ஏற்றுக்கொண்டு ஆயுள் தண்டனை விதித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில், நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு, இதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அங்கே வேலைபார்த்தவர் கண்ட முறையை அங்கே தலைவராக இருந்தவரே நிராகரித்தார். அறிவியல் நடக்க வேண்டிய விதம் அதுதான் என்பேன்.

2010 மே 5 அன்று ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, நார்கோ, மூளை மின்அலை, பாலிகிராஃப் மூன்றையும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும் சோதனை முடிவு நேரடிச் சாட்சியம் ஆகாது. அதனால்தான், 2012 மார்ச்சில் திருச்சியில் கொல்லப்பட்ட தொழிலதிபர் ராமஜெயம் வழக்கில், 2023 ஜனவரியில் சென்னையில் பாலிகிராஃப் சோதனை நடக்கும் முன் சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலை நீதிமன்றம் வழியாகப் பெற வேண்டியிருந்தது. அந்தக் கருவியும் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், தோலின் ஈரம் ஆகியவற்றைத்தான் அளக்கிறது. படபடப்பைத் துல்லியமாகச் சொல்லும். படபடப்பு எதனால் என்று சொல்லாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியின் அதே குழப்பத்துக்குக் கம்பி இணைப்பு கொடுத்ததுபோல. அமெரிக்கர்கள் விமான நிலையங்களில் கருவியே இல்லாமல் முகபாவம், நடத்தை பார்த்துச் சந்தேக நபர்களைப் பிரிக்க 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவழித்தார்கள். பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2013இல் அவர்களுடைய அரசுத் தணிக்கை அமைப்பே சொல்லிவிட்டது.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேள்வியைச் சரிசெய்ய வேண்டும். பிரிட்டனில் ஆல்டர்ட் ஃப்ரை, நடந்ததைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார். வரிசையாகப் புனைந்து வைத்த கதை தலைகீழாக எளிதில் வராது. மரியா ஹார்ட்விக், பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக் குழு ஸ்வீடனில் செய்தது இன்னும் பயனுள்ளது. கையிலிருக்கும் ஆதாரத்தை ஆரம்பத்திலேயே காட்டாதே. முதலில் அவரை முழுக்கப் பேசவிடு. பணப்பைத் திருட்டு ஒன்றை நடித்துக் காட்டச் செய்து, பயிற்சிக் காவலர்களை விசாரிக்கவிட்டார்கள். இந்த முறையைக் கற்றவர்கள் சுமார் 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். கற்காதவர்கள் 56 சதவீதம். ஆதாரம் ஒன்றுமே இல்லாத இடத்தில் இந்த வித்தை பலிக்காது.

நம் சாலையில் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. ரேஷன் அரிசி கடத்துவதாகச் சந்தேகப்பட்டு நள்ளிரவில் ஒரு லாரியை மடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “டோல்கேட்ல பதினொன்றரைக்கு உன் வண்டி வந்திருக்கே, ஏன் பொய் சொல்ற?” என்று எடுத்த எடுப்பில் ஃபாஸ்டேக் பதிவை நீட்டினால், அதற்குத் தோதாக ஒரு கதை அந்த நிமிடமே தயாராகிவிடும். எங்கே லோடு ஏற்றினீர்கள், எந்த எடைமேடை, எங்கே டீ குடித்தீர்கள் என்று சாவகாசமாகக் கேட்டால், ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் டோல்கேட்டைத் தானே சொல்லிவிடுவார். ஒளிப்பவர் அதைச் சுற்றிக்கொண்டு போவார். பதிவை அப்போது எடுத்தால் போதும். அவர் கன்னடத்துக்காரராக இருந்தால் கன்னடத்திலேயே கேட்கலாம். அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் கன்னடம் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளாவது இருப்பார்.

கம்பெனி கேட்டில் நிறுத்திய பையனின் ஒடியாவுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அதே லைனில் வேலைபார்க்கும் இன்னொரு ஒடியாக்காரரை மொழிபெயர்க்கச் சொன்னால், அவர் பையனுக்கு அறைத்தோழரா, அவனை அழைத்துவந்த ஏஜென்டின் ஆளா என்பது தெரியாது. வெளியிலிருந்து போனில் ஒருவரைப் பிடிப்பது மேல். அதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றால், அதற்குள் கேன்டீன் பதிவையும் பஞ்சிங் நேரத்தையும் கேமராவையும் பார்த்து முடித்துவிடலாம்.