பச்சைக் கல்லெல்லாம் மரகதமா?

சென்ற மார்கழியில் உத்தரகோசமங்கைக்குச் சென்று, சந்தனக் காப்பு களைந்த மரகத நடராஜப் பெருமானைத் தரிசித்து மல்லாங்கிணறு திரும்பினோம். அந்தப் பச்சைத் திருமேனி என் அக்காவின் கண்ணைவிட்டு அகலவேயில்லை. மறுவாரம் தெருவில் வந்த வியாபாரி ஒருவர் உள்ளங்கையளவு பச்சை லிங்கத்தைக் காட்டி “மரகதம்” என்றதும், மருத்துவச் செலவுக்கு ஒதுக்கியிருந்த 18,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டார் மூவர் தங்களுக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தனர். “பிரதோஷத்தன்று பூஜையில் வைக்கப் போகிறேன். அதற்குமுன் நீ ஒருமுறை பார்த்துவிடு தம்பி” என்றார் அக்கா.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். விலையே என்னை உறுத்தியது. 2021 டிசம்பரில் தஞ்சாவூரில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து காவல்துறையினர் கைப்பற்றிய மரகத லிங்கத்தின் எடை 530 கிராம். அதன் மதிப்பு 500 கோடி ரூபாய் என்று அன்று கூறப்பட்டது.

தொலைபேசியில் கேட்டபோது வியாபாரி சற்று இறங்கிவந்தார். “ஜேடு சார், அதுவும் மரகத ஜாதிதான்” என்றார். அன்று, மரகதம் பெரில் என்னும் கனிமம். ஜேடுக்கும் அதற்கும் நிறம் ஒன்றே உறவு. பாங்காக் அரண்மனைக் கோயிலில், ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே ஆடை மாற்றும் 66 செ.மீ. உயர ‘மரகத புத்தர்’ கூட மரகதத்தால் ஆனவர் அல்லர். ஜேடு அல்லது ஜாஸ்பர் வகை என்றே சொல்கிறார்கள். வணக்கத்துக்கு அது குறையன்று. சந்நிதியில் இருப்பதை நாம் சோதிப்பதில்லை. விலைக்கு வருவதைச் சோதிக்கலாம்.

ஜேடு என்பதும் ஒரே கல் அன்று. 1863-இல் அலெக்சிஸ் தாமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஒரே பெயரில் வழங்கிய இரு கற்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட், நுண்ணிய இழைகள் பாய்போலப் பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. மற்றொன்று ஜேடைட், பர்மாவின் காச்சின் பகுதியில் கிடைப்பது, விலை மிக்கது.

இவற்றைக் காட்டிக்கொடுப்பது எடை. கல்லை முதலில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தை மின்னணுத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுதும் அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் வருவது அடர்த்தி. ஜேடைட்டுக்கு ஏறத்தாழ 3.3, நெஃப்ரைட்டுக்கு 2.95. ‘இந்திய ஜேடு’ என்ற பெயரில் விற்கப்படும் அவெஞ்சுரின் வெறும் குவார்ட்ஸ், அதற்கு 2.65 அளவே. ‘புது ஜேடு’ எனப்படும் செர்பென்டைனும் 2.6-ஐ ஒட்டியே நிற்கும். பீடத்தின் அடியில் எஃகுக் கத்தி பெரும்பாலும் கீறிவிடும்.

அக்காவின் லிங்கம் 318 கிராம், நீரில் 120. வகுத்தால் 2.65. மரகதத்தின் அடர்த்தியும் 2.7-ஐ ஒட்டியதே என்பதால், கைவிளக்கை அருகில் பிடித்து லென்ஸால் பார்த்தேன். உள்ளே அபிரகத் துகள்கள் மினுமினுத்தன. அவெஞ்சுரின்தான்.

ஒன்று சொல்லவேண்டும். உண்மையான ஜேடைட்டையே அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியும், சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். அதை வீட்டில் கண்டுபிடிக்க இயலாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போகவேண்டும். பெருந்தொகை கொடுப்பதானால் சான்றிதழைக் கேளுங்கள். அதில் ‘குவார்ட்ஸ்’ என்றிருந்தால், வியாபாரி வாயால் என்ன சொன்னாலும் அது ஜேடு அன்று.

தை மாதம் அவர் மீண்டும் வந்தார். தராசையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் திண்ணையில் எடுத்துவைத்தேன். பையைத் திறக்காமலே, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார். மூன்று வீட்டுப் பணமும் தப்பியது. அக்காவின் 18,000 திரும்பவில்லை. லிங்கத்தை எடுத்துவைத்துவிடலாமா என்று கேட்டேன். “கல்லைத்தானே அவன் மாற்றிச் சொன்னான், சுவாமியை இல்லையே” என்று சொல்லி, பால் சொம்பை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குள் போய்விட்டார்.